வெந்தயப் பாத்தியில் நோகாத முழங்கால்

புதிதாகப் பிரசங்கமேடை ஏறப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சபையில் கேட்டார்கள். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார்கள். வட லண்டனில் தமிழில் ஆராதனை வேண்டும் என்று நாங்கள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வெள்ளைக்காரச் சபையின் பின்பக்க அறையை ஞாயிறு பின்னேரங்களுக்குக் கேட்டு வாங்கிய காலத்தில், அங்கே பிரசங்கிக்க வேறு ஆள் இருக்கவில்லை. போதகர் கிடைத்தால் போதகர். கிடைக்காவிட்டால் நான். இன்று அது பெரிய மண்டபமாகி, வாசலில் கார் விட இடமில்லை என்று நீங்கள் சண்டை பிடிக்கிறீர்கள் என்றால், அதில் என் தொண்டைக்கும் பங்கு உண்டு.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. லண்டனுக்கு வந்து பெட்ரோல் ஸ்டேஷனில் நின்றேன், ஒஃபிஸ் துடைத்தேன், பிறகு எட்மண்டனுக்கு வடக்கே கண்ணாடிக் கொட்டில்களில் தக்காளி பிடுங்கும் வேலைக்குப் போனேன். கண்ணாடிக் கொட்டில் என்றால் தோட்டத்துக்கு மேலே கண்ணாடியால் கூரையும் சுவரும் போட்டது. வெளியே பனி கொட்டும்போது உள்ளே மிளகாய் காய்க்கும். சில வருடங்களில் அந்தக் கொட்டில்களில் இரண்டை நானே குத்தகைக்கு எடுத்தேன். சவுத்தாலிலிருந்து கோலியர்ஸ் வுட் வரை நம்மவர் கடைகளில் நீங்கள் வாங்கித் தின்ற மல்லியும் வெந்தயக்கீரையும் பச்சைமிளகாயும் என் வான் வண்டியில்தான் போய் இறங்கின. கிழமைநாளில் மண், ஞாயிறு மேடை. சபையில் எனக்குப் பின்னால் 'மல்லிப் பிரசங்கியார்' என்று பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். மல்லி வாசம் இல்லாமல் நான் ஒருநாளும் பிரசங்கித்ததில்லை. இப்போது கொட்டிலை மருமகனிடமும் மேடையை உங்களிடமும் விட்டுவிட்டேன்.

எப்படிப் பிரசங்கம் ஆயத்தப்படுத்துவது என்று நான் எழுதப்போவதில்லை. அதற்கு வகுப்பு நடக்கிறது, போய்ப் படியுங்கள். வகுப்பில் சொல்லித்தராத ஒன்றை எழுதுகிறேன்.

முதலில் எனக்குத் தொழில் பழக்கிய மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர். பெயர் எழுதமாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தக்காளிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நான் கூலிக்கு நின்ற கொட்டில்கள் அவருடையவை. கிழமை முழுவதும் தக்காளிக்குக் கயிறு கட்டுவார், ஞாயிற்றுக்கிழமை அதே நகக்கண் மண்ணோடு சின்னச் சின்ன மெதடிஸ்த சபைகளில் போய்ப் பிரசங்கிப்பார். அவருடைய அப்பாவும் அப்படி, அப்பப்பாவும் அப்படி. இந்த வேலையை நானும் செய்யலாம் என்ற எண்ணமே அவரைப் பார்த்துத்தான் எனக்கு வந்தது.

என் முதல் பிரசங்கத்துக்கு அவரை அழைத்தேன். தமிழ் ஒரு சொல் விளங்காது, ஆனாலும் வந்து கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். நான் அன்று வெளுத்து வாங்கினேன். குரல் றோட்டுக்குக் கேட்டது. முடித்து இறங்கியபோது எனக்கு மேல் முழுவதும் வேர்வை. அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டார்: "நாற்றுச் சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய். எப்போது நிறுத்துவாய்?"

"அடியால் வடியத் தொடங்கினதும்."

"மூன்றாவது வரிசையில் நீலச் சேலை கட்டிய அம்மாவுக்குப் பாதியிலேயே வடியத் தொடங்கிவிட்டது. நீ ஊற்றிக்கொண்டே இருந்தாய்."

மொழி தெரியாத மனிதர் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்றிலிருந்து நான் மேடையில் நிற்கும்போது மூன்றாவது வரிசையை ஒரு கண்ணால் பார்ப்பேன். என் பிரசங்கத்தில் யாரும் நித்திரை கொண்டதில்லை என்று இன்றும் சொல்வார்கள்.

அவர் தேத்தண்ணி நேரத்தில் சொன்ன இன்னொரு கதை பல வருடம் கழித்து எனக்குக் கைகொடுத்தது. அவருடைய முன்னோர் காலத்தில் போதகர்கள் குறைவு. ஒரு போதகர் குதிரையில் பத்துப் பதினைந்து ஊரைச் சுற்றி வருவார். அவர் வந்தால்தான் திருவிருந்து. வராத மாதங்களில் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் சபையில் அப்பத்தையும் திராட்சைரசத்தையும் ஆசீர்வதித்துத் திருவிருந்து கொடுப்பது போதகரின் பொறுப்பு. நம்மைப்போலத் தொழில் செய்துகொண்டு பிரசங்கிக்கிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை. இன்றைக்கும் அப்படித்தான், அன்றைக்கும் அப்படித்தான்.

"அன்பின் விருந்து வைப்பார்கள்" என்றார் தக்காளிக்காரர். "வைக்கோல் கொட்டிலில் கூடுவார்கள். வீட்டில் சுட்ட பணிஸ், ஒரு கோப்பை தண்ணீர். கோப்பைக்கு இரண்டு பிடி இருக்கும், ஆளுக்கு ஆள் கை மாற்றுவதற்கு. சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்த நன்மை ஒன்றைச் சொல்வார்கள். அதை யாரும் நடத்தலாம். என் அப்பப்பா சொல்வார், போதகர் இல்லை என்றால் தோட்டம் செய்யும் கமக்காரன் போதகராக முடியாது, ஆனால் தன் வீட்டில் இருப்பதைக் கொண்டுவரலாம் என்று."

கேட்டேன், தலையாட்டினேன், போய்த் தக்காளிக்குக் கயிறு கட்டினேன். நம் சபையில் யாரும் அப்படி ஒன்று வைத்து நான் காணவில்லை.

இனித் தேவராசா அண்ணைக்கு வருகிறேன்.

அவர் ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, ஒரே மகள் ஷாமினியின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். என் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தார். முதலாளி நான் என்றாலும் வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். பிறப்பிலேயே மெதடிஸ்த சபைக்காரர். அவருடைய மனைவி பரமேசு அக்கா சைவம். இரண்டு பேரும் ஊரில் விரும்பிக் கட்டியவர்கள். ஒருவரை ஒருவர் மாற்ற முயன்றதில்லை. ஞாயிறு அக்கா அவரோடு நம் ஆராதனைக்கு வந்து வாங்கில் இருப்பார். பூசின திருநீற்றைத் துடைத்துவிட்டு வருவார், ஆனால் சாயல் தெரியும். வெள்ளி அண்ணை அக்காவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். உள்ளே போகமாட்டார், காரில் இருப்பார்.

திருவிருந்து நாளில் நம் வழக்கம் தெரியும்தானே. வரிசை வரிசையாக எழும்பிப் போய் முன்னால் முழங்காலில் நின்று வாங்குவோம். அண்ணையின் வரிசை எழும்பும்போது அண்ணை எழும்பமாட்டார். மற்றவர்கள் அவருடைய காலைத் தாண்டிப் போவார்கள். அவர் அக்காவுக்குப் பக்கத்தில் அப்படியே இருப்பார். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, அந்தச் சபைக்கு வந்த காலம் முழுவதும்.

சபை சும்மா இருக்குமா? "ஜேர்மனியிலை என்ன செய்துபோட்டு வந்தாரோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்" என்றார்கள். ஏதோ பெரிய குற்றம் மனதைத் தின்கிறது, அதுதான் முன்னுக்குப் போகப் பயப்படுகிறார் என்று ஒரு கட்சி. யாரோடோ கோபம், மன்னிக்க மனமில்லை என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஒரு திங்கட்கிழமை கொட்டிலில் நேரே கேட்டேன்.

"அண்ணை, நேற்று ஏன் முன்னுக்கு வரேல்லை?"

"முழங்கால் நோ, தம்பி."

அதைச் சொன்னபோது அவர் வெந்தயப் பாத்தியில் இரண்டு முழங்காலையும் ஊன்றிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அன்று முழுவதும் நான் வந்து வந்து பார்த்தேன். காலையிலிருந்து பின்னேரம்வரை முழங்காலில் நகர்ந்து நகர்ந்து ஒரு பாத்தியை முடிப்பார். எழும்பும்போது ஒரு முனகல் இல்லை. என்னால் அப்படி நிற்க ஏலாது. கிழமைநாளில் நோகாத முழங்கால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நோவது என்ன வியாதி என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு அவருக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் வைத்திருந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் மல்லிக்கட்டுகளைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தேன். ஷாமினியிடமிருந்து போன் வந்தது.

"அங்கிள், அப்பா உங்களைக் கேக்கிறார். திருவிருந்து வேணுமாம். இண்டைக்கே வேணுமாம்."

கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். எட்மண்டனில் சின்ன வீடு. முன்னறையில் சோபா செற்றி இருந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நேர்ஸ் அப்போதுதான் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் என்னைக் கண்டு, பொழுதுபடும்வரை தாங்குவாரோ தெரியாது, நினைவு தெளிவாக இருக்கும்போதே சொல்ல வேண்டியவற்றைச் சொல்லிவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாசலில் நின்றபடியே போதகருக்குப் போன் அடித்தேன். அப்போது எங்கள் போதகர் ஒரு வெள்ளைக்கார அம்மா, திருவிருந்தை இங்கிலிஷில்தான் நடத்துவார். அன்று பார்த்து எங்கள் பகுதிப் போதகர்மார் எல்லாரும் தூரத்தில் வேறு ஊரில் ஒரே கூட்டத்தில் இருந்தார்கள். அவர் மண்டபத்தை விட்டு வெளியே வந்து நான் சொன்னதை முழுவதும் கேட்டார். இப்போதே காரை எடுக்கிறேன், ஆனால் மோட்டர்வேயில் நெரிசல், வந்துசேரப் பொழுதுபடும் என்றார்.

"அதற்கிடையில் நான் கொடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார்: "அந்த அனுமதியைப் போனில் கொடுக்க எனக்கே உரிமை இல்லை. உன்னால் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதைச் செய். நான் வருகிறேன்."

இதை ஏன் விபரமாக எழுதுகிறேன் என்றால், முதலில் போனை எடுங்கள். செய்துவிட்டுச் சொல்வோம் என்று நினைக்காதீர்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஷாமினி என் கையைப் பிடித்துக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்தாள். நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"அங்கிள், நீங்களே செய்யுங்கோ. உங்களுக்கு எல்லாம் பாடம்தானே."

"எனக்கு உரிமை இல்லை, பிள்ளை."

"உரிமையோ? இது என்ன கவுன்சில் பெர்மிஷனோ? அப்பா சாகப்போறார், அங்கிள். நீங்கள் ரூல்ஸ் கதைக்கிறியள்."

பிள்ளைக்குக் கோபம் வந்தது நியாயம். எனக்கும் ஆசை வந்தது, அதையும் எழுதுகிறேன். திருவிருந்தின் ஒழுங்கு முழுவதும் எனக்குத் தமிழில் மனப்பாடம். பல போதகர்மார் புத்தகத்தைப் பார்த்துத் தடக்கித் தடக்கி வாசிப்பதை நான் பாடம் பண்ணி வைத்திருந்தேன். அவர்களைவிட நான் நன்றாகச் செய்வேன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. அந்த வீட்டில் யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் நான் செத்தவீட்டை நினைத்துப் பார்த்தேன். நம் சபையில் ஒரு விஷயம் மூடி இருக்குமா? "மல்லிப் பிரசங்கியார் குடுத்ததாம், அது கணக்கிலை சேருமோ" என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதைப்பார்கள். அதை இந்தப் பிள்ளைதான் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். உயிரோடு இருந்த காலமெல்லாம் அவருடைய முழங்காலைப் பற்றிக் கதைத்தவர்கள், செத்த பிறகு அவர் வாயில் போன அப்பத்தைப் பற்றிக் கதைப்பார்கள்.

ஷாமினி கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு வழி சொன்னாள். கெட்டிக்காரப் பிள்ளை.

"சரி, அப்ப ஒரு துண்டுப் பாணும் கிரேப் ஜூஸும் குடுத்து ஒரு ஜெபம் பண்ணுங்கோ. அது திருவிருந்து இல்லையெண்டு நீங்கள் மனசுக்குள்ளை வைச்சுக்கொள்ளுங்கோ. அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது."

"அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பிறகு எப்ப அப்பாவை நினைச்சாலும் அது ஞாபகம் வரும்."

தம்பி தங்கச்சிமாரே, இந்த இரண்டாவது வழிதான் முதலாவதைவிட ஆபத்தானது. உரிமை மீறுகிறவனைச் சபை கண்டிக்கும், அவன் திருந்துவான். சாகிற மனிதரை ஏமாற்றியவனைக் கண்டிக்க யாருக்கும் தெரிய வராது. ஆறுதல் என்ற பெயரில் பொய் கொடுக்காதீர்கள்.

அண்ணையிடம் நேரே சொல்லிவிடுவது என்று முன்னறைக்குப் போனேன். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணை, போதகர் வந்துகொண்டிருக்கிறா. பொழுதுபடும். நான் திருவிருந்து தர ஏலாது. அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ கேட்டனீங்கள்?"

"கேட்டுப் பாத்தன். நீ பெருமைக்காரன்தானே, தந்தாலும் தருவாய் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதட்டில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருந்ததால்தான் அடுத்ததைக் கேட்கத் துணிந்தேன்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. இவ்வளவு காலமும் முன்னுக்கு வராத ஆளுக்கு இப்ப என்னத்துக்குத் திருவிருந்து?"

"முழங்கால்..." என்று தொடங்கினார்.

"வெந்தயப் பாத்தியிலை நோகாத முழங்கால்" என்றேன்.

அக்கா குசினியில் இருக்கிறாரா என்று கதவுப் பக்கம் கண்ணை ஓட்டினார். பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்.

"முதல்நாள் நான் முன்னுக்குப் போனனான், தம்பி. நீ கவனிச்சிருக்கமாட்டாய். வாங்கிக்கொண்டு திரும்பி வரேக்கை பாத்தன். எல்லாரும் எழும்பிப்போன வாங்கிலை அவள் மட்டும் தனிய. காண்ட்பாக்கை மடியிலை வைச்சு, பிடியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு. வராத பஸ்ஸுக்கு இருக்கிற ஆள் மாதிரி. பிறகு நான் போகேல்லை."

"அக்காவுக்குச் சொன்னனீங்களோ?"

"அவளுக்கும் முழங்கால் எண்டுதான் சொன்னனான்."

"அப்ப இண்டைக்கு?"

"இண்டைக்கு நான்தானே அவளை விட்டிட்டுப் போறன். ஒருக்கா அவளோடை இருந்து சாப்பிட்டிட்டுப் போவம் எண்டு பாத்தன். சபையிலை ஏலாது. இது வீடுதானே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கேட்டது ஒன்று, அவருக்குப் பசி இன்னொன்றுக்கு. நான் ஆசைப்பட்டபடி கொடுத்திருந்தாலும், போதகரே பறந்து வந்து கொடுத்திருந்தாலும், அக்கா கட்டிலுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பார். ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் அந்த வாங்கை மனதில் வைத்துக்கொண்டே போயிருப்பார்.

குசினிக்குப் போனேன். அக்கா அடுப்படியில் ஒன்றும் செய்யாமல் நின்றார்.

"அக்கா, போதகர் வந்து அண்ணைக்குத் திருவிருந்து தந்தால் நீங்களும் வாங்குவியளோ? அந்த அம்மா பெரிய மனசுக்காரி, தருவா."

"மாட்டன்" என்றார் உடனே. "நான் சைவக்காரி. அவருக்காக ஒரு நாளைக்கு வேசம் போட்டு வாங்கினால் அது அவருக்கும் மரியாதை இல்லை, உங்கடை சாமிக்கும் மரியாதை இல்லை."

நான் ஷாமினிக்குச் சொன்னதையேதான் அவரும் எனக்குச் சொன்னார். அந்த நேரத்தில்தான் தக்காளிக்காரரின் வைக்கோல் கொட்டிலும் இரண்டு பிடிக் கோப்பையும் என் ஞாபகத்துக்கு வந்தன. தன் வீட்டில் இருப்பதைக் கொண்டுவரலாம்.

"அக்கா, வீட்டிலை பாண் இருக்கோ?"

"இருக்கு. ஏன், பசிக்குதோ?"

அன்பின் விருந்தைப் பற்றிச் சொன்னேன். பாண், தண்ணீர், அவ்வளவுதான். இதற்குப் போதகர் தேவையில்லை, ஞானஸ்நானம் தேவையில்லை, வீட்டில் இருக்கிற எல்லாரும் சாப்பிடலாம் என்றேன். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பிறகு பரமேசுவைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்திட்டம் எண்டு சபையிலை சொல்லமாட்டியளே?"

"சொல்லமாட்டன், அக்கா. இது சாப்பாடு."

"அப்ப சரி."

நான் தட்டில் பாணை வைத்துக்கொண்டு கோப்பை தேடினேன். அக்கா வேண்டாம் என்று தடுத்தார். "கோப்பையாலை குடுத்தால் வாயாலை வழியுது" என்றார். அலுமாரியைத் திறந்து, உள்ளே பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த மூக்குப்பேணியை எடுத்தார். அவருடைய அம்மா கொடுத்துவிட்ட பித்தளைப் பேணி. வாயில் படாமல் அண்ணாந்து குடிப்பதற்கு முன்னால் மூக்கு நீண்டிருக்கும். "இதாலை எண்டால் துளித்துளியா விடலாம்" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "அண்ணை, இது திருவிருந்து இல்லை. திருவிருந்து போதகர் கொண்டு வாறா. இது பாணும் தண்ணியும். எல்லாரும் சாப்பிடுவம். ஆளுக்கொரு நன்மையைச் சொல்லுவம்." அவர் தலையை அசைத்தார். ஒரு சின்ன ஜெபம் பண்ணினேன். நான் அவ்வளவு சின்ன ஜெபம் முன்பு பண்ணினதில்லை.

ஷாமினியைச் சொல்லச் சொன்னேன். "அப்பா எனக்குக் கார் ஓடப் பழக்கினவர்" என்றாள். "நான் ரெண்டு தரம் ஃபெயில். ஒருநாளும் கத்தேல்லை."

"நான் என்னத்தைச் சொல்ல" என்றார் அக்கா. பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "வெள்ளிக்கிழமையிலை கோயில் வாசலிலை காருக்குள்ளை இருப்பார். குளிருக்கை நான் வெளியிலை வந்து ஏறினால் என்ரை சீட் சூடா இருக்கும். முன்கூட்டியே சீட் ஹீட்டரைப் போட்டு வைச்சிருப்பார். அதுதான்."

அண்ணை வாயை அசைத்தார். நாங்கள் குனிந்தோம்.

"பரமேசு, என்ரை முழங்காலுக்கு ஒண்டுமில்லை."

"எனக்குத் தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அப்பவே தெரியும். முழங்கால் நோகிற ஆள் அரிசி மூட்டையைத் தோளிலை வைச்சுப் படி ஏறுமோ? சொல்ல மனமில்லாமல் சொல்லுறியள் எண்டு விட்டிட்டன்."

அக்கா பாணில் ஒரு துணுக்குப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்து அவருடைய உதட்டில் வைத்தார். பிறகு பேணியின் மூக்கை வாயோரம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார். அவர் விழுங்கினார். அக்கா தன் துண்டைச் சாப்பிட்டார், அண்ணாந்து குடித்தார். ஷாமினி குடித்தாள். பேணி என்னிடம் வந்தது.

போகிற உயிருக்கு வீட்டுக்காரர் வாயில் நீர் விடுவது சைவ வழக்கம் என்பது எனக்குத் தெரியாததில்லை. வேதக்காரர் வீட்டில் அதைக் கேட்க அக்கா கூச்சப்பட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அந்தப் பேணியைப் பிடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. சில இடங்களில் பிரசங்கியாரின் வேலை தட்டைப் பிடித்துக்கொண்டு இருப்பதுதான்.

அண்ணை கண்ணை மூடினார். அதன் பிறகு விழிக்கவில்லை. மறுநாள் விடியப் போய்ச் சேர்ந்தார். செத்தவீட்டில் நான் நினைத்தபடியே கேட்டார்கள், "கடைசித் திருவிருந்து கிடைச்சதோ?" என்று. "இல்லை" என்றேன். கேட்டவர் முகம் சுருங்கியது. பக்கத்தில் நின்ற ஷாமினி திரும்பி, "அப்பா சாப்பிட்டிட்டுத்தான் போனவர்" என்றாள். அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். அவளுக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமைப் பொழுதுபட்ட நேரத்தைப் பற்றி.

போதகர் அம்மா வந்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திருவிருந்துப் பெட்டியோடு கட்டிலருகே போய் முழங்காலில் நின்றார். அண்ணையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. எழுப்பவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன், என் அரைகுறை இங்கிலிஷில். பாண், தண்ணீர், முழங்கால், வாங்கு, எல்லாம். நான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் என்ன சொல்வாரோ என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் சொல்வதற்கு முன் அக்கா குசினியிலிருந்து வந்தார். கையில் அதே தட்டு. மிச்சப் பாண் அதில் இருந்தது. மற்றக் கையில் பேணி.

"தூரத்திலையிருந்து ஓடி வந்த ஆள். வெறும் வயித்தோடை விடேலாது" என்றார் என்னிடம்.

"என்ன சொல்கிறார்?" என்று போதகர் கேட்டார்.

"சாப்பிடச் சொல்கிறார்."

போதகர் தட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பெட்டியை மூடிக் கட்டிலின் கீழே வைத்தார். முழங்காலில் இருந்து எழும்பவில்லை. சபையில் நாம் திருவிருந்துக்கு நீட்டுவோமே, அப்படி இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார். அக்கா ஒரு துண்டு எடுத்து அந்தக் கையில் வைத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பேணியைச் சரித்துக்கொண்டு, "அண்ணாந்து வாயைத் திறவுங்கோ" என்றார்.

தமிழ் ஒரு சொல் தெரியாத அந்த அம்மா அண்ணாந்தார்.